யாரு குடுத்தா?

எங்கள் ஆபீஸ் கிருமாம்பாக்கத்தில் கடலூர் ரோட்டு மேலேயே இருந்தது. கீழே உரக்கடை, பக்கத்தில் டீக்கடை, மாடியில் நாங்கள் ஐந்து பேர். ஊரில் இருந்துகொண்டே மொபைல் ஆப் செய்து பிழைக்கலாம் என்று நம்பி வந்த ஐந்து பேர். எங்களுக்கு டீம் லீடர் அவள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால், "என் பேர எழுதிக்க உங்களுக்கு யாரு குடுத்தாண்ணா?" என்று அன்றைக்கே போன் வரும்.

அந்தக் கேள்விதான் அவள். எதைப் பார்த்தாலும் "யாரு குடுத்தா?" மேசை மேல் ஒரு பேனா புதிதாகக் கிடந்தால்கூட, எடுத்து எழுதுவதற்கு முன் அதைக் கேட்பாள். ஆபீஸ் ஸ்கூட்டர் சாவியை ஆணியில் மாட்டக் கூடாது. வண்டியை எடுத்துப் போனவன் திரும்பி வந்து அவள் கையில் கொடுக்க வேண்டும். அவள் "வாங்கிட்டன்" என்று சொல்ல வேண்டும். நான் சென்னையில் பெரிய கம்பெனியில் பதினைந்து வருஷம் குப்பை கொட்டிவிட்டு வந்தவன். எனக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது, அப்புறம் எரிச்சலாக இருந்தது.

டீ விஷயத்தைச் சொன்னால் உங்களுக்குப் புரியும். டீக்கடைக்காரர் எல்லாருக்கும் போல அவளுக்கும் சர்க்கரை போட்டே டீ அனுப்புவார். அவள் குடிக்க மாட்டாள். படியிறங்கிப் போய், "நான் சக்கர கேட்டனா?" என்பாள். சரி, சர்க்கரை ஆகாத உடம்பு போல என்று நினைத்து, மறுநாள் அவர் வெறும் டீயாக அனுப்பினார். அவள் அதில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்கிக் குடித்தாள். கடைக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டு, "இன்னா சார் இந்தப் பொண்ணு, போட்டா ஏன் போட்டன்னுது, போடலன்னா தானே போட்டுக்குது!" என்று புலம்பினார். அவளிடமே கேட்டேன்.

"சக்கர பிரச்சன இல்லண்ணா. நான் கேக்காததுக்குள்ள எனக்குத் தெரியாம வேற ஒண்ணு வருது பாருங்க, அதான் பயம்."

ப்ரோக்ராம் எழுதுவதிலும் இதே பயம்தான். ஒரு ஆப் என்பது பல சின்னச் சின்னப் பாகங்கள் சேர்ந்தது. ஒரு பாகம் வேலை செய்ய இன்னொரு பாகம் வேண்டும். திரையில் எண்ணைக் காட்டுகிற பாகத்துக்கு, அந்த எண்ணைக் கொண்டுவந்து தருகிற பாகம் வேண்டும். யாருக்கு எது வேண்டும் என்று தானே பார்த்துக் கொண்டுவந்து சேர்க்கிற லைப்ரரிகள் இருக்கின்றன. சென்னையில் நான் அதிலேயே ஊறினவன். அவள் அதைத் தொட மாட்டாள். ஆப் ஆரம்பிக்கிற இடத்தில் ஒரே ஒரு ஃபைல். எல்லாப் பாகங்களையும் அங்கேதான் உண்டாக்க வேண்டும், அங்கேயிருந்து கை மாற்றிக் கை மாற்றிக் கொடுத்தனுப்ப வேண்டும். ஒரு பாகம் தனக்கு என்ன வேண்டுமோ அதைத் தன் வாசலிலேயே கேட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். உள்ளே போன பிறகு அதுவாக எதையும் தேடி எடுத்துக்கொள்ளக் கூடாது. வாசலில் ஒன்று குறைந்தாலும் ஆப் உருவாகவே ஆகாது, சிவப்புக் கோடு போட்டு நின்றுவிடும்.

வந்த முதல் வாரமே நான் சண்டை போட்டேன். "ஒரு சாமான் ஏழு கை மாறி வருது. நடுவுல இருக்கிற அஞ்சு பேருக்கு அது தேவையே இல்ல. சும்மா வாங்கி சும்மா குடுக்கறாங்க. இன்னாத்துக்கு இந்த வேல?"

"ஏழு கையிலயும் யாராவது ஒருத்தர் பாப்பாங்க இல்லண்ணா?"

அவ்வளவுதான் பதில். நான் முனகிக்கொண்டே எழுதினேன்.

நாங்கள் செய்த ஆப்களில் ஒன்று ஆற்றுக்கானது. பாகூருக்குத் தெற்கே தென்பெண்ணைப் படுகையில் பயிர் வைப்பவர்கள், மாட்டுக் கொட்டாய் போட்டிருப்பவர்கள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். பாலத்துத் தூணில் நீர்மட்டத்தை அளக்கும் கருவி ஒன்றைப் பொருத்தி, அது சொல்லும் அளவை எல்லார் போனிலும் காட்ட ஒரு ஆப் கேட்டார்கள். ஒன்பது அடியைத் தாண்டினால் படுகைக்குள் தண்ணீர் வந்துவிடும். அதற்கு முன்னால் ஆளும் மாடும் கரையேற வேண்டும். செலியமேட்டில் வீடு இருந்தாலும் அவளுடைய அப்பாவுக்கும் படுகையில்தான் கொட்டாய். நாலு மாடு, ஒரு கன்றுக்குட்டி. மனுஷர் பகலெல்லாம் அங்கேயே கிடப்பார்.

கருவி சொல்வதை ஆப்புக்குள் கொண்டுவந்து தருகிற பாகத்தை அளவி என்போம். ஆபீசில் ஆறு கிடையாது. அதனால் சோதனைக்கென்று ஒரு பொய் அளவி செய்து வைத்திருந்தோம். எப்போது கேட்டாலும் நாலடி என்று சொல்லும். சாதாரண நாளில் ஆறு அந்த அளவில்தான் ஓடும் என்பதால் நாலடி. பொய் அளவி சோதனை ஃபோல்டரைத் தாண்டி வரக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம்.

சங்கத்துக்காரர்கள் இன்னொன்று கேட்டார்கள். ஆப்பைத் திறந்து பார்க்கச் சோம்பலாக இருக்கிறது, போனின் முகப்பிலேயே ஒரு சின்னப் பெட்டியில் அளவு தெரிந்தால் நன்றாக இருக்கும் என்றார்கள். அந்த வேலை எனக்கு வந்தது. அதில் ஒரு சிக்கல். முகப்புப் பெட்டியை நாங்கள் உண்டாக்குவதில்லை, போன் தன் இஷ்டத்துக்கு உண்டாக்கிக்கொள்ளும். அதன் வாசலில் நின்று அளவியைக் கையில் கொடுக்க முடியாது. பெட்டிக்குள்ளிருந்து சுற்றி வளைத்து அந்த ஆரம்ப ஃபைல் வரை வந்து வாங்கிப் போக ஒரு வழி உண்டு. முழுசாக ஒரு நாள் வேலை. நான் சோம்பேறி இல்லை, ஆனால் திமிர் பிடித்தவன். இந்தக் கைமாற்று வேலையே முட்டாள்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தவன். ஒரே வரி எழுதினேன். யாரும் அளவி கொடுக்காவிட்டால் பொய் அளவியை எடுத்துக்கொள். அதற்காகப் பொய் அளவியைச் சோதனை ஃபோல்டரிலிருந்து ஆப்புக்குள்ளே நகர்த்தினேன். பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். சிவப்புக் கோடுகள் மறைந்தன. போனில் போட்டுப் பார்த்தேன், நாலடி என்றது. அன்றைக்கு ஆற்றிலும் நாலடிதான் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். "இந்தப் பொட்டிக்கு அளவி யாரு குடுத்தா?"

"மேலருந்துதான் வருது," என்றேன்.

வேறு யார் சொல்லியிருந்தாலும் மேலே போய்ப் பார்த்திருப்பாள். என் வயசுக்கும் பதினைந்து வருஷ அனுபவத்துக்கும் மரியாதை கொடுத்து, அந்த ஒரு தடவை பார்க்காமல் விட்டாள். ஆப் எல்லார் போனுக்கும் போனது. அந்த வரியை நான் மறந்தும் போனேன்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடாமல் கொட்டியது. மூன்றாம் நாள் காலை பதினொரு மணி இருக்கும். மேலே அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அவள் அப்பாவுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் இருந்ததால் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"அப்பா, மாட்ட ஓட்டிக்கினு வூட்டுக்கு வந்துடு."

"எதுக்கும்மா? நாலடிதான காட்டுது? தழ போட்டுட்டு சாயந்தரமா வரன்."

"நாலடியா? நல்லாப் பாருப்பா."

"பாத்துட்டுதான் சொல்றன். நேத்தும் நாலடி, இன்னிக்கும் நாலடி." அத்தோடு லைன் அறுந்துவிட்டது. திரும்பப் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது.

அவள் தன் போனில் ஆப்பைத் திறந்தாள். ஏழடி. பத்து நிமிஷத்துக்கு முன்னால் ஆறரை. பிறகு என் பக்கம் கையை நீட்டினாள். என் போனைக் கொடுத்தேன். முகப்புப் பெட்டியைப் பார்த்தாள். நாலடி.

"அண்ணா, இந்தப் பொட்டிக்கு அளவி யாரு குடுத்தா?"

அதே கேள்வி, அதே குரல். சத்தம் ஒரு துளிகூட ஏறவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "யாரும் குடுக்கல. பொய் அளவிதான் ஓடுது. நான்தான் போட்டேன்," என்றேன். "அன்னிக்கு உங்கிட்ட பொய் சொன்னேன். இப்பவே சரிபண்ணி அனுப்பிடறேன்."

"அது அவங்க போனுக்குப் போய்ச் சேர எத்தினி மணி நேரம்?"

சாயந்தரம் ஆகிவிடும். இரண்டு பேருக்குமே அது தெரியும். பத்து நிமிஷத்துக்கு அரை அடி ஏறினால் ஒன்பதைத் தொட நாற்பது நிமிஷம்தான்.

மற்ற மூன்று பேரில் ஒருவன், சங்கத்து வாட்சப் குரூப்பில் செய்தி போட்டுவிடலாம் என்றான். அவள் குரூப்பில் போடவும் சொன்னாள், அதை நம்பவும் இல்லை. "படிச்சாங்களான்னு எப்பிடித் தெரியும்? ஒவ்வொரு வூட்டுக்கும் போன் போடு. கரைக்குப் போறம்னு அவங்க வாயால வரணும். வந்தப்புறம் டிக் போடு." சங்கத்துப் பெயர்ப் பட்டியலை மூன்றாகக் கிழித்து ஆளுக்கொன்று கொடுத்தாள். லைன் கிடைக்காத பெயர்களை எல்லாம் தானே வாங்கிக்கொண்டாள், பக்கத்து வீட்டு எண்ணை அவள் தேடிப் பிடித்துக்கொள்வாள். பிறகு ஸ்கூட்டர் சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"நீங்க எங்கப்பாகிட்ட போங்க."

"நீ போ, நான் இங்க போன் பண்றேன்," என்றேன். பெற்ற அப்பாவைக் கூட்டி வர அவள்தானே போக வேண்டும்?

"இங்க இருக்கற எல்லாப் பேரும் எனக்குத்தான் தெரியும். யாரு பக்கத்துல யாரு கொட்டாய்னு உங்களுக்குத் தெரியுமா?" பிறகு சொன்னாள், "எங்கப்பா லேசுல நம்ப மாட்டாரு. இன்னா நடந்துச்சோ அத நடந்தாப்பலயே சொல்லுங்க. சாவி வாங்கிட்டீங்களா?"

"வாங்கிட்டன்," என்றேன்.

பாகூர் வழியாகப் போனேன். ரோடெல்லாம் தண்ணீர். இரண்டு இடத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். அவள் அப்பா முகத்தை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், பொங்கலுக்கு ஆபீசுக்குக் கரும்பு கொண்டுவந்து போட்டார். அந்த முகமே கண் முன்னால் நின்றது. அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் இந்த மாடிக்கு எப்படித் திரும்பிப் போவேன் என்றே யோசித்துக்கொண்டு போனேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. அவர் உயிரைவிட என் நிலைமைதான் முதலில் தோன்றியது.

கரைமேல் வண்டியைப் போட்டுவிட்டுப் படுகைக்குள் ஓடினேன். கொட்டாய்க்கும் ஆற்றுக்கும் நடுவே சவுக்குத் தோப்பு, ஆறு கண்ணுக்குத் தெரியாது. தகரத்தின் மேல் மழை அடிக்கிற சத்தத்தில் வேறெதுவும் கேட்காது. அவர் நிதானமாக மாட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, உங்க பொண்ணு ஆபீசுலேர்ந்து வரேன். ஆறு ஏறுது. மாட்ட அவுத்து வுடுங்க, கரைக்குப் போயிடலாம்."

அவர் சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் கவர் போட்ட போனை எடுத்து, துண்டால் துடைத்து, என் முகத்துக்கு நேராக நீட்டினார். நாலடி. அங்கே சிக்னலே இல்லை. உண்மை அளவியாக இருந்திருந்தால் தெரியவில்லை என்றாவது காட்டியிருக்கும். பொய்க்குச் சிக்னல் எதற்கு? அது பாட்டுக்கு நாலடி என்றது.

"அது தப்பா காட்டுதுங்கய்யா. டெக்னிக்கல் ப்ராப்ளம்."

"இன்னா ப்ராப்ளம்?"

"சர்வர்ல ஏதோ கோளாறு." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவர் சிரித்தார். "தம்பி, இது எம்பொண்ணு செஞ்சது. சக்கர போட்ட டீய குடுத்தா, யாரக் கேட்டுப் போட்டன்னு கேக்கற பொண்ணு. அது வச்சதுல தப்பு வருமா? போன வருசம் தண்ணி வர்து வர்துன்னு ஊரே ஓடுச்சி. இத்தத் தொறந்து பாத்தன், அஞ்சடின்னுது. நான் நவுரல. தண்ணி வந்துச்சா? வரல. இப்ப தொறக்கக்கூட வாணாம், வெளியவே காட்டுது." மறுபடி தழையை அள்ளினார்.

ஒரு மனுஷன் தன் மகளை இந்த அளவுக்கு நம்பி நான் பார்த்ததில்லை. அந்த நம்பிக்கையைத்தான் நான் அவருக்கே பொறியாக வைத்திருந்தேன். காலுக்குக் கீழே மண் கொழகொழவென்று ஆகத் தொடங்கியிருந்தது.

"ஐயா, உங்க பொண்ணு வச்சதுல தப்பு இல்ல," என்றேன். "அந்தப் பொட்டிய நான் செஞ்சேன். அளவு எங்கேர்ந்து வருதுன்னு உங்க பொண்ணு கேட்டுது. ஆத்துலேர்ந்து வருதுன்னு பொய் சொன்னேன். எப்பவும் நாலடின்னு சொல்ற ஒண்ண உள்ள வச்சிட்டேன். இது ஆத்தப் பாக்கவே இல்ல. நீங்க இத்தினி நாளா பாத்தது ஆறே இல்ல."

அவர் கையில் தழையோடு என் பக்கம் திரும்பினார்.

"எம்பொண்ணு கேட்டுச்சா?"

"கேட்டுது."

"நீ பொய் சொன்ன."

"ஆமாங்கய்யா."

"அப்ப சரி," என்றார். தழையைக் கீழே போட்டார். கூரையில் செருகியிருந்த அரிவாளை எடுத்து, அவிழ்க்கக்கூட நேரம் கொடுக்காமல், கயிறுகளை ஒவ்வொன்றாக அறுத்தார்.

மாடுகளை அவர் ஓட்டினார், கன்றுக்குட்டியை நான் தூக்கிக்கொண்டேன். பாதி வழியில் சவுக்குத் தோப்புக்குள்ளிருந்து பழுப்புத் தண்ணீர் சத்தமில்லாமல் வந்தது. முதலில் கணுக்கால், நாலு எட்டு வைப்பதற்குள் முழங்கால், கரையைத் தொடும்போது இடுப்பு. ஒரு மாடு மிரண்டு திரும்பியது. அவர் அதன் வாலைப் பிடித்து முறுக்கி மேலே ஏற்றினார். கரையில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது கொட்டாயின் தகரம் மட்டும் தெரிந்தது. அதுவும் ஒரு பக்கம் சாய்ந்து மெதுவாக நகர்ந்தது. அவர் போனை எடுத்துப் பார்த்தார், இன்னமும் நாலடி. பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "இத்த நீயே வச்சிக்கோ." நான் வாங்கிக்கொண்டேன்.

கரைமேல் என் போனுக்குச் சிக்னல் வந்தது. ஒரே ரிங்கில் எடுத்தாள்.

"வந்துட்டாரு," என்றேன்.

"அவரு கையில குடுங்க."

கொடுத்தேன். "வந்துட்டம்மா. மாடெல்லாம் வந்துச்சி," என்றார். அவள் என்ன சொன்னாளோ, அவர் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். போன் திரும்ப என் கைக்கு வந்தபோது மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அவள் அழுது நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். பேச வாயெடுப்பதற்குள், "இன்னும் ஆறு வூடு பாக்கிண்ணா, வைக்கறன்," என்று வைத்துவிட்டாள்.

ஆறு வீட்டிலும் ஆள் கிடைத்தார்கள். படுகையில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. அதற்கு நான் சாமிக்கு நன்றி சொன்னேன், அவளுக்குச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

மூன்று நாள் கழித்து ஆபீஸ் திறந்தபோது, வேலையை விட்டுப் போகச் சொல்வாள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்த வரியைத் தேடிப் பிடித்து அழித்தாள். திரையில் ஐந்து இடத்தில் சிவப்புக் கோடு எழும்பியது.

"அஞ்சு எடத்துல அளவி இல்ல, அளவி இல்லன்னு கத்துது பாருங்கண்ணா. இத்தன நாளா எல்லாத்து வாயையும் அடச்சி வச்சிருந்தீங்க." கீபோர்டை என் பக்கம் தள்ளினாள். "ஒவ்வொண்ணுக்கா நீங்களே குடுங்க." சாயந்தரம் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கும் டீ வந்தது. எனக்கு எத்தனை ஸ்பூன் என்று அவளுக்குத் தெரியாதா? இருந்தும், "சக்கர போடட்டுமா?" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்குக் கண் கலங்கியது.

அடுத்த சித்திரையில் அவளுக்குக் கல்யாணம் ஆனது. புருஷனுக்குக் கோவையில் வேலை. கடைசி நாள் எல்லாவற்றையும் என்னிடம் ஒப்படைத்தாள். பீரோ சாவி, ஸ்கூட்டர் சாவி, பாஸ்வேர்டு எழுதிய நோட்டு. ஒவ்வொன்றுக்கும் என் வாயிலிருந்து "வாங்கிட்டன்" வரும்வரை அடுத்ததை எடுக்கவில்லை. எல்லாம் முடிந்து எழுந்தவள் மறுபடி உட்கார்ந்து, ஒரு துண்டுத்தாளில் போன் நம்பர் ஒன்றை எழுதி நீட்டினாள்.

"அப்பா நம்பரு. புதுசு. மழ வந்தா உங்களுக்குத்தான் போன் பண்ணுவாரு. நான்தான் சொல்லி வச்சிருக்கன்."

அப்பாவிடம் என்னைப் பற்றி என்ன சொன்னாள் என்று கேட்க ஆசையாக இருந்தது. கேட்கவில்லை. "வாங்கிட்டன்," என்றேன்.

ஐப்பசியில் முதல் கனமழை பெய்த அன்று காலையே போன் வந்தது.

"தம்பி, ஆறு எத்தினி அடி?"

"உங்க போன்லயே பாருங்களேன்பா. இப்பல்லாம் சரியா காட்டும்."

"பாத்தன். ஆறேகாலுன்னு காட்டுது. நீ பாத்தியா?"

நான் பார்த்திருக்கவில்லை. "கொஞ்சம் இருங்கப்பா," என்று சொல்லிவிட்டு ஆப்பைத் திறந்தேன். எண் எங்கேயிருந்து வருகிறது என்று திரையிலேயே ஒவ்வொரு கையாகப் பாலத்துக் கருவி வரை பார்த்தேன். அதற்கு இரண்டு நிமிஷம் பிடித்தது. அவர் லைனிலேயே இருந்தார், மாட்டுக் கழுத்து மணிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"பாத்தன்பா. ஆறேகால்தான்."

"அப்ப சரி," என்றார்.